நொடித்துப்போனவருக்கு ஜெயிலா?

பெங்களூரில் அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை, கடன் வழக்கோடு என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வதந்தியைத்தான் சுமந்து வருகிறார்கள்: "சார், கடன் கட்டலைன்னா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடுமாம்." ஒரு வக்கீலாக இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி என் பொறுமை போய்விட்டது.

நம்பிக்கை: கடனைக் கட்டாவிட்டால் ஜெயில்.

அப்பட்டமான பொய். பீன்யாவில் லேத் பட்டறை நடத்தி நொடித்துப்போன ஒருவர் அண்மையில் வந்தார். செல்போனில் ஒரு 'வாரண்ட்' காட்டினார். சிங்க முத்திரை, சிவப்பு சீல், '24 மணி நேரத்தில் கைது' என்ற மிரட்டல் எல்லாம் இருந்தன. கோர்ட்டின் பெயரும் இல்லை, வழக்கு எண்ணும் இல்லை. வசூல் ஏஜென்ட் அனுப்பிய அந்தக் குப்பையை நம்பி, ராத்திரியில் விளக்குகூடப் போடாமல் குடும்பமே உட்கார்ந்திருந்திருக்கிறது. நிஜமான பேங்க் நோட்டீஸ்களோ பிரிக்கப்படாமல் அவர் பையில் கட்டாகக் கிடந்தன.

கடன் பாக்கி சிவில் விவகாரம். கையில் வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏய்ப்பவரைத்தான் சிவில் சிறையில் வைக்கலாம். இல்லாமையால் கட்ட முடியாதவரை வைக்கக் கூடாது என்று 1980-லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதிவிட்டார். ஜப்திக்கும் வரம்பு உண்டு. சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், பி.எஃப். பணம் ஆகியவற்றில் கைவைக்க முடியாது. வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் சொன்னது. மைக்ரோ கடன்களை மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கக் கர்நாடகத்தில் 2025-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

பொய் சொல்லிக் கடன் வாங்கியிருந்தால் அது மோசடி வழக்கு. செக் பவுன்ஸும் வேறு விஷயம்: 2 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் அதைச் சமரசமாக முடிக்கச் சட்டமே இடம் தருகிறது. சம்மன் வந்தும் ஆஜராகாமல் ஒளிந்தால்தான் வாரண்ட் வரும். அதனால் தயவுசெய்து ஒளியாதீர்கள், கவர்களைப் பிரியுங்கள்!

நம்பிக்கை: ஐ.பி. (நொடிப்பு மனு) கொடுத்தால் ஆயுளுக்கும் கறை.

1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தில் கோர்ட் விடுவிப்பு ஆணை தரலாம். அரசு பாக்கி, மோசடிக் கடன் போன்ற சில நீங்கலாக மற்றவை தீரும். பிறகு தேர்தலில்கூட நிற்கலாம்.

நம்பிக்கை: அப்பன் கடன் பிள்ளை தலையில்.

ஜாமீன் கையெழுத்துப் போடாத பிள்ளை, தனக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு.

நம்பிக்கை: மானமுள்ளவன் இனி தலைகாட்ட மாட்டான்.

இதைச் சொல்கிற உறவினர்களை என்ன சொல்லித் திட்டுவது? காபி டே நிறுவனர் வி.ஜி.சித்தார்த்தாவை 2019-இல் கடன் நெருக்கடிக்கு நடுவே இழந்த ஊர் இது. 2020 டிசம்பரில் அவர் மனைவி மாளவிகா ஹெக்டே தலைமைப் பொறுப்பேற்றார். சொத்துகளை விற்று நிறுவனக் கடனில் பெரும்பகுதி அடைக்கப்பட்டது. கடன் கொடுத்தவர்களை நேரில் பார்த்துப் பேசித்தான் எதையும் மீட்க முடியும்.

முதலில் வீட்டில் மனைவியிடமோ கணவரிடமோ முழுத் தொகையையும் சொல்லுங்கள். தூக்கம் போய், செத்துவிடலாம் என்று தோன்றினால் அந்த நிமிடமே 14416-ஐக் கூப்பிடுங்கள். அதுதான் டெலி மானஸ். நம் ஊர் நிம்ஹான்ஸ் வழிநடத்துவது, இலவசம், தமிழிலும் பேசலாம். சின்ன வேலை கிடைத்தாலும் போங்கள். லேத்துக்காரர் இப்போது இன்னொருவர் பட்டறையில் சம்பளத்துக்கு நிற்கிறார். அதில் என்ன கேவலம்?

உண்மையில் வெட்கப்பட வேண்டியது அரசு. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் ஏழைக் கடனாளிக்கென்றே 'புதுத் தொடக்கம்' என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் போகாத, சொந்த வீடில்லாதவரின் 35,000 ரூபாய் வரையிலான கடனைத் தள்ள அது வழி சொல்கிறது. கம்பெனிகளுக்கான பகுதி அந்த ஆண்டே நடைமுறைக்கு வந்தது. இந்த அத்தியாயமோ இத்தனை ஆண்டுகளாகியும் தூங்குகிறது. அந்த வரம்புகளை உயர்த்தி, அதை உடனே அமலுக்குக் கொண்டுவர வேண்டும். ஓட்டுக் கேட்டு வரும் எம்.பி.யிடம் இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.