பதநீரும் பழைய பாட்டிலும்

கோடையில் கலசப்பாக்கத்தில் பதநீர் வாங்க எங்கள் வீட்டில் பழைய குளிர்பானப் பாட்டிலைத்தான் கொடுத்தனுப்புவார்கள். சில நாள்களில் மாலைக்குள் அது கல்லாய் இறுகிவிடும். காரணம் யாது? கலயத்தில் தடவிய சுண்ணாம்பு போதாதபோது, ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. (புளித்தால் கள், தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை!)

1973-இல் நதானியேல் வயத் காப்புரிமை பெற்ற இந்தப் பெட் பாட்டில், சோடாவின் அழுத்தத்தைத் தாங்கவென்றே உருவானது. மேலைநாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்போர் சிலர் இதை மறுபடி பயன்படுத்துவதும் அதனால்தான்; கையால் அமுக்கியே வாயு ஏறியதை அறியலாம். கண்ணாடியோ சொல்லாமல் வெடிக்கும்.

எனினும் ஒரு தொல்லை. வெறுந்தண்ணீரில் அலசினால் மூடியின் மரையில் ஒட்டிய ஈஸ்ட் முழுதும் போகாது. கொதிநீர் ஊற்றினாலோ பாட்டில் சுருங்கிவிடும். பதநீருக்கு எவர்சில்வர் தூக்கே மேல். அதைக் கொதிநீரில் கழுவலாம்.