கை கழுவும் விதி

வியன்னா நகரப் பொது வைத்தியசாலையில் பிரசவப் பகுதிகள் இரண்டிருந்தன. ஒன்றில் வைத்திய மாணாக்கரும் மற்றதில் மருத்துவச்சிகளும் பயின்றனர். முன்னதிலேயே பிரசவ சுரத்தால் மாண்ட தாய்மார் மிகப் பலர். அங்கே சேர்க்க வேண்டாமென்று கர்ப்பிணிகள் மன்றாடுவராம்.

1847-இல் பிரேத பரிசோதனையின்போது மாணாக்கன் ஒருவனது கத்தி பட்டுக் கொல்லெட்ச்கா என்னும் ஆசிரியர் இறந்தார். அவருடலிற் கண்ட குறிகள் இறந்த தாய்மாரிடம் கண்டவற்றையே ஒத்திருந்தன. பிரேத அறையினின்று நேரே வரும் கைகளே நஞ்சைக் கொணர்கின்றன என ஸெம்மல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் துணிந்தார். தம் கைகளையும் அவர் விலக்கினாரல்லர். சலவைத்தூள் கரைத்த நீரிற் கைகழுவாது எவரும் கர்ப்பிணிகளைத் தொடலாகாதென்று மே மாதத்தில் விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் மாண்ட அப்பகுதியில் ஜூனில் நூற்றுக்கு இருவரளவே மாண்டனர்.

எனினும் மூத்த வைத்தியர் பலர் இதனை ஏற்றிலர். தம் கையே கொன்றதென்று ஒப்புதல் எளிதோ? 1849-இல் அவருடைய உத்தியோகமும் நீட்டிக்கப்படவில்லை.