டிரிம்மரைத் தலைகீழாக மாட்டி ரூட்டர் மேசை செய்யலாமா?

கேள்வி: தஞ்சாவூர் ஓவியங்களுக்குத் தேக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். இடம் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். கண்ணாடியும் பலகையும் உட்காருவதற்கான காடியை இதுவரை கை டிரிம்மரில்தான் எடுக்கிறேன். சட்டம் குறுகலாக இருப்பதால் டிரிம்மர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. காடி ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேடாகவும் வருகிறது. சில இடங்களில் மரம் கருகியும் போகிறது. கடையில் விற்கும் ரூட்டர் மேசை பெரிதாக இருக்கிறது, விலையும் அதிகம். வெளியிடங்களுக்கும் போய் வேலை செய்வதால், தூக்கிச் செல்லும்படி ஒன்றை நானே செய்துகொள்ள முடியுமா? எந்தப் பலகை, என்ன அளவு? உதவிக்கு வரும் அக்கா மகனையும் அதில் வேலை செய்ய விடலாமா?

— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். உங்கள் வேலைக்கு அது அவசியமும்கூட. 40 மி.மீ. அகலமுள்ள சட்டத்தின் மேல் டிரிம்மரை நிறுத்தினால் அதன் அடித்தட்டில் பாதிக்கு மேல் காற்றில்தான் நிற்கும். எவ்வளவு தேர்ந்த கையானாலும் அது சாயத்தான் செய்யும். டிரிம்மரைப் பலகைக்கு அடியில் தலைகீழாக மாட்டிவிட்டு மரத்தை அதன் மேல் நகர்த்தினால், சாய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்து ஓட்டும்போது இரண்டு கையும் கருவியின் மேல் இருக்கும். பிட்டுக்குப் பக்கத்தில் போக வாய்ப்பு குறைவு. மேசையில் மரத்தைத் தள்ளும்போது, ஒவ்வொரு தள்ளலிலும் கை பிட்டை நோக்கியே போகிறது. அதனால் பாதுகாப்பை மேசை செய்யும்போதே அதனுடன் சேர்த்துச் செய்துவிட வேண்டும். மேசை முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது.

மேல்பலகை

அளவு 600-க்கு 400 மி.மீ. போதும். இதற்கு நான் சிபாரிசு செய்வது 18 மி.மீ. ஷட்டரிங் பிளைவுட், அதாவது கான்கிரீட் போடும்போது சென்ட்ரிங்குக்குப் பயன்படுத்தும், இரண்டு பக்கமும் பழுப்பு நிறப் படலம் ஒட்டிய பலகை. மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் சட்டம் தடையின்றி நகரும். இரண்டு பக்கமும் ஒரே படலம் என்பதால் சீக்கிரம் வளையாது. புதிய, கீறல் விழாத பலகையில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். சாதாரண பிளைவுட்தான் கையில் இருக்கிறது என்றால் மைக்காவை மேலும் கீழும் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் மழைக்காலத்தில் பலகை வளைந்துவிடும். எம்.டி.எஃப். தட்டையானதுதான், ஆனால் ஈரம் பட்டால் உப்பிவிடும். வெளியிடங்களுக்குத் தூக்கிப் போகும் மேசைக்கு அது வேண்டாம்.

மேல்பலகை தட்டையாக இருப்பதுதான் இந்த மேசையின் உயிர். நடுவில் அரை மி.மீ. தாழ்ந்தாலும் அந்தக் குறை உங்கள் காடியின் ஆழத்தில் தெரியும். ஆகவே அடியில் முன்னும் பின்னும் 50 மி.மீ. உயரமுள்ள இரண்டு தேக்கு ரீப்பர்களை நிமிர்த்தி வைத்து ஒட்டித் திருகுங்கள். பிறகு நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

டிரிம்மர் உட்காரும் தகடு

18 மி.மீ. பலகையில் டிரிம்மரை நேராக மாட்டினால் பிட் மேலே போதுமான உயரத்துக்கு வராது. அந்த இடத்தில் மட்டும் மெல்லிய, ஆனால் வளையாத தகடு வேண்டும். எலெக்ட்ரிகல் கடைகளில் ஹைலம் ஷீட் என்று கேளுங்கள். பேக்கலைட் ஷீட் என்றும் சொல்வார்கள். 6 மி.மீ. கனத்தில் 200-க்கு 200 மி.மீ. துண்டு போதும். அக்ரிலிக் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதிர்வில் ஸ்க்ரூ துளையிலிருந்து விரிசல் விடும்.

தகட்டை மேல்பலகைக்குச் சமமாக இறக்க ஒரு வழி சொல்கிறேன். பலகையின் நடுவில் தகட்டை வைத்து, நான்கு பக்கமும் 18 மி.மீ. கனமுள்ள ரீப்பர்களை நெருக்கி ஒட்டு டேப்பாலோ சிறு ஆணியாலோ நிறுத்துங்கள். தகட்டை எடுத்துவிட்டு, ஷாங்க் பக்கம் பேரிங் உள்ள பிட்டால் ரீப்பர்களை ஒட்டி 6 மி.மீ. ஆழம் எடுங்கள். அது முடிந்தபிறகுதான் ஜிக்சாவால் நடுவில் 180-க்கு 180 துளை வெட்ட வேண்டும். முதலிலேயே வெட்டிவிட்டால் டிரிம்மர் நிற்க இடம் இருக்காது. சுற்றிலும் 10 மி.மீ. படி மிஞ்சும், தகடு அதில் உட்காரும். பிட் உருண்டை என்பதால் மூலைகள் வளைந்து வரும். தகட்டின் மூலைகளையும் அதே அளவுக்கு அரத்தால் உருட்டிவிடுங்கள்.

டிரிம்மரின் பிளாஸ்டிக் அடித்தட்டைக் கழற்றி, அதையே அச்சாக வைத்துத் தகட்டில் துளைகளைக் குறியுங்கள். ஸ்க்ரூ தலைகள் தகட்டுக்குள் முழுமையாக அமிழ வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் சட்டம் அதில் இடிக்கும். நடுத்துளை 30 மி.மீ. அளவில் இருந்தால் போதும். பெரிதாக விட்டால் குறுகலான சட்டத்தின் முனை அந்த இடைவெளியில் இறங்கிவிடும். பரவலாக விற்கும் டிரிம்மர்களுக்கு பேஸ் மட்டும் உதிரிபாகமாகக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி மேசையிலேயே நிரந்தரமாக மாட்டிவிட்டால், தேவைப்படும்போது மோட்டாரை மட்டும் உருவி எடுத்துக் கைவேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கால்களும் உயரமும்

18 மி.மீ. பிளைவுட்டில் 300 மி.மீ. உயரமுள்ள இரண்டு பக்கப் பலகைகள், பின்னால் ஒரு குறுக்குப் பலகை, முன்பக்கம் திறப்பு. அவ்வளவுதான் பெட்டி. பக்கப் பலகைகளில் கை நுழையும்படி துளை வெட்டினால் அதுவே கைப்பிடி. அடியில் 50 மி.மீ. வெளியே நீட்டி ஒரு ரீப்பர் அடியுங்கள். கிளாம்ப் பிடிக்க அது வேண்டும். மொத்தம் பத்து கிலோவுக்குள் முடிந்துவிடும்.

இதைப் பட்டறை மேசை மேல் வைத்தால் நெஞ்சுயரத்துக்கு வந்துவிடும். கையில் பிடிமானம் இருக்காது. 550 முதல் 600 மி.மீ. உயரமுள்ள கனமான ஸ்டூல் மேல் வைத்துக் கிளாம்ப் போட்டால் சுமார் 900 மி.மீ. வரும், நின்று தள்ள அதுதான் வசதி. வெளியிடங்களில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை செய்வது நம் வழக்கம்தான். இந்த ஒரு கருவியில் மட்டும் அது வேண்டாம். மரம் எகிறினால் சட்டென்று விலக முடியாது.

கைடு

மேசையில் பலரும் தேவையில்லாமல் சிரமப்படும் இடம் இது. ரம்பத்துக்கு இருக்கும் கைடு போல, பலகையின் விளிம்புக்கு இணையாக நகர வேண்டும் என்று நினைத்து, தண்டவாளமும் அளவுகோலும் பொருத்தப் பார்க்கிறார்கள். பிட் வட்டமானது. கைடு எந்தக் கோணத்தில் நின்றாலும் பிட்டுக்கும் அதற்கும் உள்ள தூரம்தான் கணக்கு. ஆகவே 700 மி.மீ. நீளத்தில், 80 மி.மீ. உயரத்தில், எல் வடிவில் இரண்டு பிளைவுட் துண்டுகளைச் சரியான மூலைமட்டத்தில் சேர்த்தால் போதும். முகம் நேராகவும், மேசைக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். நடுவில் பிட் ஒளிய 40 மி.மீ. வெட்டு.

ஒரு முனையை ஒரே ஒரு போல்ட்டில் மாட்டுங்கள். மறுமுனையைக் கிளாம்ப்பால் பிடியுங்கள். பிட் நடுவில் இருப்பதால், மறுமுனை 2 மி.மீ. நகர்ந்தால் பிட்டின் இடத்தில் கைடு 1 மி.மீ.தான் நகரும். விலை உயர்ந்த மேசையில் திருகாணி செய்யும் நுண்ணிய வேலையை இந்த ஒரு போல்ட் செய்துவிடும். வெட்டுக்குப் பின்புறம் சிறு பெட்டி அடித்து, வேக்குவம் கிளீனர் குழாய் நுழைய ஓட்டை விடுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. சிறிய அறையில் நாள் முழுக்கத் தேக்குத் தூளுக்குள் நிற்பவர் நீங்கள். குழாயோடு முகக்கவசமும் போடுங்கள்.

சுவிட்ச்

டிரிம்மரின் சுவிட்சைத் தேடி மேசைக்கு அடியில் கை விடக் கூடாது. முன்பக்கம் கைக்கு எட்டும்படி தனி சுவிட்ச் வையுங்கள். அது நோ-வோல்ட் ரிலீஸ் வகையாக இருக்கட்டும். கிணற்று மோட்டாரின் பச்சை, சிவப்புப் பொத்தான் ஸ்டார்ட்டர் மாதிரிதான் இதுவும்: கரண்ட் போனால் தானாக அணைந்துவிடும், திரும்ப வந்தாலும் பொத்தானை அழுத்தும்வரை ஓடாது. கரண்ட் போன நேரத்தில் பிட் பக்கத்தில் கை வைத்துத் தூள் தட்டுவது எல்லாரும் செய்வதுதான். அப்போது மோட்டார் தானாகக் கிளம்பாமல் இருக்க இந்த சுவிட்ச் ஒன்றுதான் காவல். மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள்.

காடி எடுக்கும் முறை

உங்கள் வேலையையே கணக்காக எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர் ஓவியத்தில் சுக்கான் மாவு மேடும் கல்லும் எழும்பி நிற்பதால் கண்ணாடி அதில் படக் கூடாது. கண்ணாடி 3 மி.மீ., இடைவெளிக்கு 6 மி.மீ. ரீப்பர், ஓவியப் பலகை 9 மி.மீ. என்றால் காடியின் ஆழம் 18 மி.மீ.; அகலம் 8 மி.மீ. வைத்துக்கொள்வோம். 12 மி.மீ. நேர் பிட்டை மேசைக்கு மேல் 18 மி.மீ. உயர்த்திப் பூட்டிவிடுங்கள். சட்டத்தின் பின்முகம் மேசையில் படிய, உள்விளிம்பு கைடில் படிய வேண்டும்.

8 மி.மீ. அகலத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கக் கூடாது. கைடுக்கு வெளியே பிட் 2 மி.மீ. தெரியும்படி வைத்து முதல் ஓட்டம். பிறகு 4, 6, 7, கடைசியில் 8. கைடின் முனையை ஒவ்வொரு முறையும் அதைப்போல் இரு மடங்கு பின்னுக்குத் தள்ள வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். ஒரு ஓவியத்துக்கான நான்கு சட்டங்களையும் ஒரே அமைப்பில் ஓட்டி முடித்தபிறகே கைடை நகர்த்துங்கள். உயரம் மாறாததால் நான்கிலும் ஆழம் அச்சு மாறாமல் வரும். கடைசி இரண்டு ஓட்டங்கள் மெல்லியவை என்பதால் முகமும் சுத்தமாக இருக்கும். மூலைக்கு 45 டிகிரி வெட்டுவது எல்லாம் முடிந்தபின். 300 மி.மீ.க்குக் குறைவான துண்டை இந்த மேசையில் கையால் ஓட்டவே கூடாது. நீளமாக ஓட்டிவிட்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

மரம் கருகுவதற்குக் காரணம் இரண்டு. தயங்கித் தயங்கி நகர்த்துவது ஒன்று, மழுங்கிய பிட் இன்னொன்று. தேக்கில் சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் தேயும். கார்பைடு பிட்டே வாங்குங்கள். ஒட்டியிருக்கும் பிசினை அவ்வப்போது துடையுங்கள்.

திசை

டிரிம்மர் தலைகீழாக இருப்பதால், மேலிருந்து பார்க்கும்போது பிட் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த் திசையில் சுழலும். உங்களை நோக்கிய பக்கத்தில் பல் இடமிருந்து வலமாக ஓடும். மரத்தை வலமிருந்து இடமாக, பல்லுக்கு எதிராகத் தள்ள வேண்டும். அப்படித் தள்ளினால் பிட்டே மரத்தைக் கைடோடு அழுத்திக் கொடுக்கும். மாற்றித் தள்ளினால் பிட் மரத்தைக் கவ்வி இழுத்து எறியும். தள்ளிய கை பிட்டின் மேல் போய் விழும். பிட்டுக்கும் கைடுக்கும் நடுவில் மரத்தை நுழைத்து ஓட்டுவதும் இதே ஆபத்துதான். மேல்பலகையில் பெரிய அம்புக்குறி ஒன்றை அழியாத பெயின்ட்டில் வரைந்துவிடுங்கள்.

சட்டத்தைக் கைடோடு அழுத்த, சீப்புப் பலகை ஒன்று செய்யுங்கள்: முனையை 30 டிகிரி சாய்வாக வெட்டிய பலகையில், இழை ஓடும் திசையிலேயே 6 மி.மீ. இடைவெளியில் கீறல்கள். அதைக் கிளாம்ப்பால் பிடித்தால் மரம் முன்னே போகும், பின்னால் வராது. கடைசி ஒரு ஜாணைத் தள்ளுக்கட்டையால்தான் தள்ள வேண்டும்.

பிட்டில் கவனிக்க வேண்டியவை

பிட் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். மோட்டாரைத் தளர்த்தும்போது ஒரு கையால் அடியில் தாங்குங்கள். இல்லாவிட்டால் நழுவி விழும். 6 மி.மீ. ஷாங்க் வேறு, கால் அங்குல ஷாங்க் 6.35 மி.மீ. வேறு. கால் அங்குலக் காலெட்டில் 6 மி.மீ. பிட் பிடித்ததுபோல் தோன்றும், ஓட்டத்தில் நழுவும். ஷாங்க் குறைந்தது 20 மி.மீ. காலெட்டுக்குள் இருக்கட்டும்; அடிவரை இடித்து மாட்டாமல் 2 மி.மீ. மேலே இழுத்து முறுக்குங்கள்.

25 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள பிட் டிரிம்மரில் வேண்டாம். நிமிடத்துக்கு 30,000 சுற்றில் 25 மி.மீ. பிட்டின் விளிம்பு வினாடிக்கு 39 மீட்டர் வேகத்தில் போகிறது. 60 மி.மீ. பிட் என்றால் அது 94 மீட்டர். அந்த வகைப் பிட்டுகள் வேகத்தைக் குறைக்கும் வசதியுள்ள பெரிய ரூட்டருக்கானவை.

அக்கா மகன்

விடலாம், படிப்படியாக. நீளமான சட்டம் ஓட்டும்போது முதலில் இடது பக்கம் நின்று அதன் பாரத்தை மட்டும் தாங்கட்டும். இழுக்கக் கூடாது. இழுத்தால் மரம் கைடை விட்டு விலகும், உங்கள் கையும் நிலை தடுமாறும். அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எந்தப் பக்கமிருந்து தள்ளுவது, எந்த இடத்தில் தள்ளுக்கட்டையை எடுப்பது என்பதை அவரே செய்து பழகட்டும். நீங்கள் எந்தச் சட்டத்தைக் கொடுத்தாலும், பிட் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை அம்புக்குறியைப் பார்க்காமல் அவர் சொல்கிறாரா என்று கேளுங்கள். தடுமாறாமல் சொல்லும் நாளில் பச்சைப் பொத்தானை அவர் அழுத்தலாம். முதலில் கழிவுத் துண்டில், பிறகு வேம்பில், கடைசியாக உங்கள் தேக்கில்.