தண்ணீர் பாட்டில் காலியாகட்டும்

காலையில் நிரப்பி எடுத்துப்போன தண்ணீர் பாட்டில், ராத்திரி வீடு திரும்பும்போதும் முக்கால்வாசி நிறைந்திருக்கிறதா? ஜவுளிக்கடை, பில்லிங் கவுன்டர், பனியன் கம்பெனி என எங்கே வேலை பார்த்தாலும், மலச்சிக்கல் என்றதும் முதலில் அந்தப் பாட்டிலைப் பாருங்கள். குடித்தால் பாத்ரூம் போகவேண்டி வரும், போனால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று தாகத்தையும் அடக்கி, வயிற்றையும் அடக்குகிறோம்.

ஏன் இறுகுகிறது?

வாரத்துக்கு 3 முறைக்கும் குறைவாகப் போவது, முக்கிப் போவது, போன பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுவது எல்லாமே மலச்சிக்கல்தான். பெருங்குடல் மலத்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வரும்போது போகாமல் அடக்கினால், தங்கத் தங்க மலம் காய்ந்து இறுகும். இதுவே வழக்கமானால் வருகிற உணர்வும் மங்கிவிடும். நார்ச்சத்தில்லாத சாப்பாடு, மாறி மாறி வரும் ஷிப்ட், இரும்புச்சத்து மாத்திரை, சிலவகை வலி மாத்திரைகள், தைராய்டு குறைபாடு ஆகியவையும் காரணமாகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டில்

சாப்பிட்டதும் குடல் தானாக அசையத் தொடங்கும். எனவே 20 நிமிடம் முன்னதாக எழுந்து, சாப்பிட்டுவிட்டு, அவசரமில்லாமல் போய் உட்காருங்கள். நைட் ஷிப்ட் என்றால், தூங்கி எழுந்து சாப்பிடும் முதல் வேளைதான் உங்கள் காலை. வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலுக்கடியில் சின்ன முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொண்டால் அதிகம் முக்கவேண்டியிருக்காது.

மதிய டப்பாவில் கீரை, அவரைக்காய், வாழைத்தண்டு என ஏதாவது ஒன்று இருக்கட்டும். மாலை டீயோடு பஜ்ஜிக்குப் பதில் சுண்டலோ கொய்யாவோ சாப்பிடுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் இஸப்கோல் உமி உதவும். ஆனால் ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கவேண்டும். தண்ணீர் போதாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். பேதி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் பழக்கமாக்காதீர்கள்.

வேலையிடத்தில்

தொழிற்சாலைகளில் குடிநீரையும் கழிப்பறையையும் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. கேட்பதில் கூச்சம் வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு முறை வைத்துக்கொண்டு, “அஞ்சு நிமிஷம் இவங்க பார்த்துக்குவாங்க சார், போயிட்டு வந்துடறேன்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். மேற்பார்வையாளராக இருப்பவர்கள் காரணம் கேட்காமல் அனுப்புங்கள். எதிரில் ஆட்களை வைத்துக்கொண்டு அதை விளக்கச் சொல்வது கொடுமை.

தள்ளிப்போடக் கூடாதவை

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, 50 வயதுக்குமேல் புதிதாக வரும் மலச்சிக்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாவிட்டால் லீவு கிடைக்குமா என்று யோசிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாளைக்கு அந்தப் பாட்டிலைக் காலியாக வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தொடக்கத்துக்கு அது போதும்.