நான்கு டிராக்கில் ஓர் ஆல்பம்

1994இல் வந்த 'பீ தௌசண்ட்' ஆல்பத்தில் 20 பாடல்கள். மொத்தமும் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், டேட்டன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ராபர்ட் பொல்லார்டும் அவருடைய 'கைடட் பை வாய்சஸ்' குழுவினரும் வீட்டு நிலவறையிலும் கராஜிலும் பதிவு செய்தவை அவை. முதல் பாட்டிலேயே ஒரு கிட்டார் நடுவில் சட்டென்று காணாமல் போய்த் திரும்ப வரும். திருத்தாமல் அப்படியே விட்டார்கள். மெட்டு உறுதியாக இருந்ததால் பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தத் தொண்ணூறுகளின் ஒலியில் ஆல்பம் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும்: எல்லாவற்றையும் சுத்தமாகப் பதிவு செய்துவிட்டு, கடைசியில் சாஃப்ட்வேரில் இரைச்சலைப் பூசுவது. அன்றைய இசைக்காரர்களில் பெரும்பாலோர் மோசமான ஒலியைத் தேடிப் போகவில்லை. ஸ்டுடியோவுக்குக் கட்டப் பணமில்லை, கையில் இருந்தது ஒரு கேசட் ரெக்கார்டர். அதில் எவ்வளவு நன்றாக வருமோ அவ்வளவு நன்றாக வர வைக்கப் பார்த்தார்கள். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும்.

கருவி

டாஸ்காம் நிறுவனம் 1979இல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ 144தான் சாதாரண கேசட்டில் நான்கு டிராக் பதிவை வீட்டுக்குள் கொண்டுவந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' (1982) அதில் பதிவானதுதான். டெமோவாக எடுத்ததே ஆல்பமாகிவிட்டது. பழைய மெஷின் வாங்குவதாக இருந்தால், நான்கு டிராக்கிலும் தனித்தனியாகப் பதிவு செய்து கேட்டுப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். நீண்ட ஒரு ஸ்வரத்தைப் பதியுங்கள். அது தள்ளாடினால் உள்ளே பெல்ட் தளர்ந்திருக்கிறது. பதிவுக்கு உட்காரும் ஒவ்வொரு முறையும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். டைப் 2 குரோம் கேசட், 60 நிமிடத்துக்கு மேற்படாதது, நல்லது. 90 நிமிட கேசட்டின் நாடா மெல்லியது, அடிக்கடி முன்னும் பின்னும் ஓட்டினால் தாங்காது.

நான்கு டிராக்கும் நாடாவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்வதால், கேசட்டைத் திருப்பிப் போட இரண்டாம் பக்கம் என்று ஒன்று கிடையாது. திருப்பிப் போட்டால் எல்லாம் தலைகீழாக ஒலிக்கும். அப்படிக் கேட்டபடியே ஒரு காலி டிராக்கில் கிட்டார் வாசித்து, கேசட்டைப் பழையபடி போட்டால், கிட்டார் மட்டும் பின்னோக்கி ஓடும். திருப்பும்போது 1ஆம் டிராக் 4ஆகவும், 2 என்பது 3ஆகவும் மாறிவிடும். இதை மறந்தால் எடுத்து வைத்ததன் மேலேயே பதிந்துவிடுவீர்கள்.

மெஷின் கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் போதும். ஆனால் நான்கு டிராக்குக்கு மேல் திறக்கக் கூடாது, கலந்து முடித்த மூல டிராக்குகளை அழித்துவிட வேண்டும். இந்த இரண்டையும் கடைப்பிடிக்க மனமில்லாதவர்கள் இந்த வழிக்கு வர வேண்டாம் என்றே சொல்வேன்.

பாட்டு

நிறைய எழுதி, பாதிக்கு மேல் தள்ளுங்கள். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடிந்த பாட்டை நான்கு நிமிடம் இழுக்காதீர்கள். தொண்ணூறுகளின் ஆல்டர்னேட்டிவ் பாட்டில் மெதுவான சரணம், வெடிக்கும் பல்லவி என்ற அமைப்பு அடிக்கடி வரும். கேசட் இந்தச் சத்த வித்தியாசத்தை நசுக்கிவிடும். அதனால் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதை நம்பாமல், சரணத்தில் ஒரே கிட்டார், பல்லவியில் எல்லா வாத்தியமும் என்று ஏற்பாட்டிலேயே வித்தியாசம் காட்டுங்கள்.

பதிவு

டிரம்ஸுக்கு ஒரே மைக். வாசிப்பவரின் தோள் உயரத்தில், ஸ்நேரை நோக்கி வைத்து, கிக்கும் தெளிவாகக் கேட்கும்வரை நகர்த்திக்கொண்டே இருங்கள். சின்ன அறையில் சிம்பல்தான் எல்லாவற்றையும் விழுங்கும். மைக்கைக் கீழே இறக்குவதைவிட, சிம்பலை மெதுவாகத் தட்டச் சொல்வது பலன் தரும். கிட்டாருக்குச் சின்ன ஆம்ப் போதும். மைக்கை ஸ்பீக்கரின் நடுவுக்குக் கொண்டுபோனால் ஒலி கூர்மையாகும், ஓரத்துக்குக் கொண்டுபோனால் தணியும். டிஸ்டார்ஷனை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக வையுங்கள். இரண்டு கிட்டார் சேரும்போது அது தானாகவே தடிக்கும். மீட்டர் ஊசி டிரம்ஸில் லேசாகச் சிவப்பைத் தொடட்டும், நாடா அதைத் தாங்கி முனையை மழுக்கித் தரும். கம்ப்யூட்டரில் சிவப்பைத் தொட்டால் ஒலி கிழியும், அங்கே இடம் விட்டே பதியுங்கள்.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர். 1இல் டிரம்ஸ், 2இல் ரிதம் கிட்டார், 3இல் பேஸ். இந்த மூன்றையும் கலந்து 4ஆம் டிராக்கில் ஒன்றாகப் பதிய வேண்டும். இதற்கு பவுன்ஸ் என்று பெயர். அது முடிந்ததும் முதல் மூன்று டிராக்குகளும் அடுத்த வாத்தியங்களுக்குக் காலி. ஆனால் அவற்றில் புதிதாக எதையாவது பதிந்த பிறகு பேஸ் சத்தம் குறைவு, கிட்டார் அதிகம் என்று திரும்பிப் போக முடியாது. ஆகவே பவுன்ஸுக்கு முன்னால், இனி வரப்போகும் குரலையும் இரண்டாவது கிட்டாரையும் மனத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. வாயால் பாடிக்கொண்டே கலந்து பாருங்கள். ஒவ்வொரு பவுன்ஸிலும் உச்ச ஒலிகள் கொஞ்சம் தேயும், இரைச்சல் கொஞ்சம் கூடும். டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் டிரெபிளைச் சற்றே ஏற்றி வைத்துக் கலந்தால் சரியாக வரும். பேஸை 3இல் வைப்பதற்கும் காரணம் உண்டு. பக்கத்து டிராக்குக்குக் கசிந்து ஊளையிடுவது பெரும்பாலும் உச்ச ஒலிகள்தான், பேஸில் அவை குறைவு. கலந்ததை மெஷினை அணைத்துவிட்டு மறுநாள் கேளுங்கள். சரி என்று பட்டால் மட்டும் மேற்கொண்டு பதியுங்கள்.

இப்படி முடிவெடுத்து முடிவெடுத்துப் போவதில்தான் அந்த ஆல்பங்களின் துணிச்சல் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நூறு டிராக் இருந்தால் எந்த முடிவையும் தள்ளிப்போடலாம். நான்கு இருந்தால் ஒரு கிட்டார் வரி தன் இடத்துக்குத் தகுதியானதா என்று அன்றைக்கே கேட்டாக வேண்டும்.

குரலைக் கடைசியில் பதியுங்கள், அதை மட்டும் பவுன்ஸ் செய்யாதீர்கள். ஒரே வரியை இரண்டு டிராக்கில் இரண்டு முறை பாடினால் குரலுக்கு ஒரு தடிமன் கிடைக்கும். போர்ட்லாந்தில் ஒரு வீட்டு நிலவறையில் பதிவான எலியட் ஸ்மித்தின் 'ரோமன் கேண்டில்' (1994) ஆல்பத்தைக் கேட்டால் அந்த இரட்டைக் குரலின் நெருக்கம் புரியும். அவர் கத்துவதே இல்லை. மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் மெதுவாகப் பாடுங்கள், இரண்டாவது முறை சொல் முடிவுகளை முதல் முறையோடு பொருத்துங்கள். 'ஸ்', 'ச்' ஒலிகளை இரண்டாவது முறை கொஞ்சம் விழுங்கிப் பாடினால் இன்னும் சுத்தமாக இருக்கும்.

முடிப்பு

இறுதி மிக்ஸைக் கம்ப்யூட்டரில் 24 பிட் வேவ் ஃபைலாக எடுங்கள். இரைச்சல் நீக்கும் சாஃப்ட்வேரைத் தொட வேண்டாம். அது சிம்பலின் மேல்பகுதியையும் குரலின் மூச்சையும் சேர்த்தே தின்றுவிடும். பாட்டு முடிந்ததும் நாடா இரைச்சல் சட்டென்று நின்றால் காது திடுக்கிடும். அடுத்த பாட்டுவரை அதை ஓடவிடுங்கள், அல்லது இடைவெளியே இல்லாமல் அடுத்த பாட்டுக்குத் தாவுங்கள். மாஸ்டரிங்கில் சத்தத்தை மேலும் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை. நாடா ஏற்கெனவே நசுக்கித்தான் தந்திருக்கிறது.

கேசட்டாகவும் வெளியிடுவதானால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நீளம் வரும்படி வரிசையை அமையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் முடிந்தும் வெற்று நாடா ஓடிக்கொண்டிருக்கும். நான்கு டிராக் மூல கேசட்டுகளில் பாட்டின் பெயர், தேதி, எந்த டிராக்கில் எது என்று எழுதி ஒட்டுங்கள். மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்துவிட்டால் யாரும் அதன்மேல் பதிய முடியாது.