சர்க்கரை ஆப்பை நோயாளி கையில் கொடுத்துச் சோதிப்பது எப்படி?

சர்க்கரை அளவைக் குறித்துவைக்கும் ஆப் தயாராகிவிட்டதா? வெளியிடுவதற்கு முன், அதைப் பயன்படுத்தப்போகிறவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அலுவலகத்து இளைஞர்களை வைத்துச் செய்யும் சோதனை இதற்கு ஈடாகாது. அவர்களுக்குப் பார்வை மங்கவில்லை, விரல் மரத்துப்போகவில்லை.

நோயாளி, வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்பவர், செவிலியர் மூவரும் தனித்தனிக் குழு. 5 பேர் போதும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது, குறை கண்டு திருத்தித் திரும்பச் சோதிக்கும் கட்டத்துக்குத்தான். மருத்துவக் கருவியின் இறுதிச் சோதனை என்றால், அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2016 வழிகாட்டுதலில் குழுவுக்குக் குறைந்தது 15 பேர் என்கிறது.

சம்மதம் வாங்குங்கள். சோதனைக்கென்று மாதிரிக் கணக்கு ஒன்றைத் திறந்துவையுங்கள். சொந்த போனையும் படிக்கும் கண்ணாடியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்தில் யாரையும் உட்காரவைக்கக் கூடாது. மயக்கமாக வருகிறது என்றால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

வேலையைச் சொல்லும்போது பட்டனில் உள்ள வார்த்தையைச் சொல்லிவிடாதீர்கள். 142 காட்டும் குளுக்கோமீட்டரின் படத்தைக் கொடுத்து, “காலையில் வெறும் வயிற்றில் பார்த்தது. டாக்டருக்குத் தெரியணும், என்ன செய்வீங்க?” என்று கேட்டால் போதும்.

இனிமேல்தான் கஷ்டம். நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். சோதனைக்கு வந்த அம்மா திரையைப் பார்த்துத் திகைத்து, “இதை அமுக்கட்டுமா தம்பி?” என்று கேட்பார். வாய் தானாக “ஆமாம்மா” என்று சொல்லப் போகும். சொல்லிவிட்டால் அந்தக் குறை உங்கள் கண்ணில் படாமலே போய்விடும். “வீட்ல நான் இல்லைன்னா என்னம்மா செய்வீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். மனதுக்குள் 60 எண்ணும்வரை உதவக் கூடாது என்பது என் விதி. அதற்கு மேலும் தவித்தால் உதவுங்கள்; ஆனால் அந்த வேலை தோல்வி என்றே எழுதுங்கள்.

தொடங்கும்முன்பே, “சோதனை ஆப்புக்குத்தான், உங்களுக்கு இல்லை” என்று சொல்லிவிடுங்கள். நினைப்பதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் யாருக்கும் உடனே வராது. போனில் ஒரு நம்பரைச் சேமிக்கச் சொல்லி முதலில் பழக்குங்கள். கூட வந்த மகனை வெளியே காபி குடிக்க அனுப்புங்கள். பக்கத்தில் இருந்தால் “இங்க குடும்மா” என்று போனை வாங்கிவிடுவார். அவருக்குத் தனியாக ஒரு அமர்வு வையுங்கள். ஆப்பை எழுதியவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், பேசக் கூடாது.

கடைசியில் எல்லோரும் “நல்லா இருக்குங்க” என்பார்கள். அது மரியாதை. கை என்ன செய்தது என்பதை எழுதுங்கள். பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதை அளக்க ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய எஸ்.யு.எஸ். கேள்வித்தாளின் 10 வாக்கியங்களையும் கேட்கலாம். அதில் 68 என்பது சராசரி மதிப்பெண். வாக்கியங்கள் ஒன்று விட்டு ஒன்று எதிர்மறையாக வருவதால், படித்துக் காட்டும்போது நிதானம் தேவை.

குறைகளை, எரிச்சலூட்டுபவை, ஆபத்தானவை என்று பிரியுங்கள். ஒருவர் 142-ஐ 42 என்று பதித்து, ஆப்பும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டால் அது ஆபத்து. 70-க்குக் கீழ் என்றால் தாழ்சர்க்கரை. வீட்டில் பயந்துபோய்ச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துவிடுவார்கள். தவறியவர் ஒரே ஒருவர்தான் என்றாலும் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

திருத்திய பின் பழைய ஆட்களையே அழைக்காதீர்கள், அவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. புதிதாக 5 பேரைக் கூப்பிடுங்கள்.