நாய்க்குட்டி மண் தின்பது ஏன்?

குடியேறிய புது வளவில் காவலுக்கென வளர்க்கும் நாய்க்குட்டி மண், கரி, சிரட்டைத் துண்டு எனக் கண்டதையெல்லாம் தின்கிறதா? அடிக்க வேண்டாம், காரணத்தை அறிவோம்.

1. கைக்குழந்தையைப் போலவே குட்டியும் எதையும் வாயில் வைத்தே அறிகிறது. பல் முளைக்கும்போது கடிக்கும் ஆசையும் கூடும். வளர வளர இது குறையும்.

2. பசி, சத்துக்குறைவு, வயிற்றுப்புழு இருந்தாலும் மண் தின்னும். கொழுக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுவதால் முரசு வெளிறும். வட்டப்புழு மிகுந்தால் வயிறு ஊதும்.

இத்தீங்கு குட்டியோடு நிற்பதில்லை. நாயின் கொழுக்கிப்புழுக்களில் ஒன்று 'செய்லானிகம்' என நமது நாட்டின் பெயரையே கொண்டது. 1911இல் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து விவரிக்கப்பட்ட இப்புழு மனிதரின் குடலிலும் வாழும். யட்டவத்தயிலும் வேறெங்கும், நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் அதன் குஞ்சுப்புழுக்கள் உயிர்வாழ்ந்து, வெறுங்காலின் தோல்வழியே உட்புகும்.

செய்ய வேண்டியவை:

- குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்தே, மிருக வைத்தியர் சொல்லும் அளவில் புழுமருந்து கொடுங்கள்; தாய்நாய்க்கும் கொடுங்கள்.
- நாயின் மலத்தை அன்றன்றே அள்ளி, கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் தொலைவில் புதையுங்கள்.
- பிள்ளைகள் செருப்பணியட்டும். உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவட்டும்.

குட்டிக்குக் கொடுக்கும் மருந்து நம் பிள்ளைக்கும் காவல்.